ஆயுளை அட்டையில் எழுதுங்கள்: கோவை மின்சாதன உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் மற்றும் உதிரிபாக உற்பத்தியாளர் சங்கத்தினருக்கும், மிக்சி, மின்விசிறி, மோட்டார் பம்பு தயாரிக்கும் கோவை மாவட்டத் தொழில்முனைவோருக்கும்,

வணக்கம்.

நீங்கள் விற்கும் ஒவ்வோர் இயந்திரத்தின் அட்டைப்பெட்டியிலும், அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதையும், அதற்கான உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் நீங்களே முன்வந்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே இதைச் செய்யத் தகுதியான ஊர் இந்தியாவில் ஒன்று உண்டென்றால் அது கோவைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உங்கள் வரலாறு.

1955-ஆம் ஆண்டு கோவையைச் சேர்ந்த பி. சபாபதி ஆட்டுக்கல்லை மின்மோட்டாருடன் இணைத்து உருவாக்கிய கிரைண்டர், தென்னிந்திய வீடுகளில் பெண்கள் மணிக்கணக்காகச் செய்துவந்த உழைப்பை மாற்றியமைத்தது. அந்தப் பழைய பெரிய கிரைண்டரின் அமைப்பை இன்று மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் மோட்டார் தனி, பெல்ட் தனி, பேரிங் தனி, கல் தனி. பெல்ட் அறுந்தால் அதன் எண்ணைச் சொல்லி எந்த ஹார்டுவேர் கடையிலும் வேறொன்றை வாங்கிவிடலாம். மோட்டார் புகைந்தால் அதை மட்டும் கழற்றிக்கொண்டு போய் காயில் (உள்ளிருக்கும் மின்கம்பிச் சுருள்) கட்டி வரலாம். கல் மழுங்கினால் கொத்துபவரை அழைத்துக் கொத்திக்கொள்ளலாம். எந்தப் பாகம் தேய்ந்தாலும் மற்ற பாகங்கள் அதனால் வீணாகிவிடுவதில்லை. அது வெறும் பழங்காலத்து உறுதியால் மட்டும் நிலைத்த பொருள் அன்று. பிரித்துப் பூட்டக்கூடிய அமைப்பினால் நிலைத்த பொருள். மாமியாரின் கிரைண்டர் மருமகளிடம் வந்து, அவரிடமும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் கொங்கு வட்டாரத்தில் இன்றும் உண்டு. 2005-06 காலத்தில் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும், ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்கும் இந்த ஊர்க் கைவேலைக்கும் உள்ள மதிப்பு நாடறிந்ததற்கும், இப்படி உழைத்த இயந்திரங்களே காரணம் என்று கருதுகிறேன்.

இன்று அதே ஊரின் பெயரைத் தாங்கி வரும் பொருட்களைப் பழுதுபார்க்கும் மேசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு நிலை தெரிகிறது. டேபிள் டாப் கிரைண்டர்கள் எடை குறைந்து, இடம் சுருங்கி, கழுவ எளிதாகி வந்தது நல்ல முன்னேற்றம், அதை மறுக்கவில்லை. ஆனால் சில மாடல்களில் பாத்திரத்தின் அடியில் ஒட்டிய கல் விட்டுப்போனால் கல்லை மட்டும் மாற்ற வழியில்லை, முழு டிரம்மையும் வாங்க வேண்டும்; அந்த மாடல் நின்றுபோயிருந்தால் டிரம் கிடைக்காது; டிரம் கிடைக்காவிட்டால் நன்றாக ஓடும் மோட்டாரும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மின்விசிறி. நம் வீடுகளில் இருபது, முப்பது ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய சீலிங் ஃபேனைப் பாருங்கள். அதற்குள் தேயக்கூடியவை பேரிங்குகளும் கெப்பாசிட்டரும்தான். 6201, 6202 என்ற எண்களைச் சொன்னால் எந்தக் கம்பெனி ஃபேனுக்கும் பொருந்தும் பேரிங் கிடைக்கும். வேகம் குறைந்தால் இரண்டரை மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தெருமுனை எலெக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார். இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பிஎல்டிசி ஃபேன், அதாவது மின்னணுப் பலகையால் இயங்கும் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட ஃபேன், எழுபத்தைந்து வாட் இழுத்த இடத்தில் முப்பது வாட் அளவே இழுக்கிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக ஆண்டில் 300 நாள் ஓடினால் ஒரு ஃபேனுக்கு ஏறத்தாழ 160 யூனிட் மிச்சமாகும். இது சிறிய நன்மையன்று. ஆனால் அந்த ஃபேனை இயக்கும் சர்க்யூட் போர்டு மாடலுக்கு மாடல் மாறுகிறது, ஈரமும் தூசியும் புகாமலிருக்கப் பல மாடல்களில் அதன்மீது பிசின் ஊற்றி இறுக்கப்படுகிறது, வாரண்டி முடிந்தபின் ஒரு மின்னல் வெட்டிலோ மின்னழுத்த ஏற்றத்திலோ அது போனால் மாற்றுப் போர்டு எங்கே கிடைக்கும் என்று கடைக்காரருக்கும் தெரிவதில்லை. காந்தமும் சுருளும் இறக்கைகளும் கெடாமல் இருக்க, உள்ளங்கை அகலப் பலகை ஒன்றுக்காக முழு ஃபேனும் கழிக்கப்படுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அறிவை இவ்வளவு அழகாகச் செலுத்திய பொறியாளர்களால், அந்தப் பலகையைக் கழற்றி மாட்டும்படி நான்கு திருகாணிகளும் ஒரு பொது இணைப்பானும் வைத்து அமைக்க முடியாதா? முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

மிக்சியைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலறையில் மிக அதிகமாக உழைப்பதும் மிக விரைவில் கழிக்கப்படுவதும் அதுதான். மிக்சி மோட்டார் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றுவது. சூடேறுவது அதன் இயல்பு. அந்தச் சூட்டைத் தாங்குவதா இல்லையா என்பதைச் சுருளின் கம்பி பெருமளவு தீர்மானிக்கிறது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் தாமிரத்தினுடையதில் சுமார் 61 சதவீதமே. அதே இடத்துக்குள் அதே பருமனில் அலுமினியக் கம்பியைச் சுற்றினால் சூடு கூடும். இணைப்புகளில் ஆக்சைடு படிந்து பற்றவைப்பு விட்டுப்போகும். எரிந்தபின் அதை மீண்டும் கட்டித்தரக் காயில் கட்டுபவர்களும் தயங்குகிறார்கள். அலுமினியம் பயன்படுத்துவதே தவறென்று சொல்லவில்லை. சரியான பருமனும் சரியான இணைப்பும் கொடுத்தால் அதுவும் உழைக்கும். எந்தக் கம்பி உள்ளே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. தாமிரம் வைத்தவர்கள் அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள், வைக்காதவர்கள் பேசாமல் இருக்கிறார்கள், வாங்குபவர் அந்த மௌனத்தின் பொருளை ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நல்ல வடிவமைப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் மிக்சியிலேயே சான்று இருக்கிறது. ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர், வேண்டுமென்றே மெலிதாக அமைக்கப்பட்ட பாகம். ஜாரில் ஏதாவது சிக்கினால் முதலில் அது தேய்ந்தோ உடைந்தோ மோட்டாரைக் காப்பாற்றும். சில ரூபாய்க்கு வேறொன்று போட்டுக்கொள்ளலாம். அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பொத்தானும் அப்படிப்பட்டதே. இந்தச் சிந்தனையை ஏன் பாதியில் நிறுத்த வேண்டும்? மோட்டாரின் சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தே தீரும் என்று தெரிந்தும் அதை எட்ட அடிப்பாகம் முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. கையால் பிடித்துத் துளையிடும் டிரில் இயந்திரங்கள் பலவற்றில், வெளிப்புறத்து மூடியைத் திருகிக் கழற்றினாலே பிரஷ் வந்துவிடுகிறது. அதே ஏற்பாட்டை மிக்சியில் வைத்தால், தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ‘குக்கர், மிக்சி, கேஸ் அடுப்பு ரிப்பேர்’ என்று வருபவரே அதை வாசலில் நின்றபடி மாற்றிக்கொடுத்துவிடுவார்.

இவ்வளவும் சொல்வதால் உங்கள்மீது சதிக் குற்றம் சுமத்துவதாக எண்ண வேண்டாம். பொருள் விரைவில் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே செய்யும் ‘திட்டமிட்ட காலாவதி’யைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 1924-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான ஃபீபஸ் கூட்டமைப்பை எடுத்துக்காட்டுவார்கள். ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு நிறுவனங்கள் கூடி, அதுவரை 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துகொண்டிருந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக வரையறுத்துக்கொண்டன. உறுப்பினர்களின் பல்புகளைச் சோதனைக்கூடத்தில் எரியவிட்டுப் பார்த்து, வரம்பைத் தாண்டி எரிந்தவற்றுக்கு அபராதமும் விதித்தன. நீண்ட நாள் எரியும் இழை மங்கலாக எரிந்து மின்சாரத்தை அதிகம் தின்னும் என்ற பொறியியல் நியாயம் அதில் ஓரளவு இருந்தது உண்மைதான். ஆனால் நீடித்து உழைத்ததற்குத் தண்டம் விதித்ததை எந்தப் பொறியியலும் நியாயப்படுத்தாது. இரண்டாம் உலகப் போரோடு அந்தக் கூட்டமைப்பு சிதைந்தது.

கோவையில் அப்படியொரு அறைக்குள் யாரும் கூடவில்லை என்று நான் நம்புகிறேன். இங்கே நடப்பது விலைப் போட்டி. ஒருவர் நூறு ரூபாய் குறைக்கிறார். இன்னொருவர் அதற்கும் கீழே போகக் கம்பியின் பருமனைக் குறைக்கிறார். மூன்றாமவர் சுழலும் தண்டைத் தாங்கும் பித்தளைப் புஷ்ஷைப் பிளாஸ்டிக் ஆக்குகிறார். 2022 ஜூலையில் வெட் கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தபோது சிறு பட்டறைகள் எவ்வளவு திணறின என்பதை இந்த ஊரில் இருக்கும் எல்லோரும் அறிவோம். அந்த நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது, வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத பாகம்தான். யாரும் திட்டமிடாமலேயே விளைவு மட்டும் திட்டமிட்டது போல வந்து சேர்கிறது. இதனாலேயே இதற்கான தீர்வு ஒரு தனி உற்பத்தியாளரின் நல்ல மனத்தில் இல்லை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொள்ளும் ஒழுங்கில் இருக்கிறது.

‘வாடிக்கையாளர்கள் மலிவைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது’ என்று உங்களில் பலர் கேட்பதுண்டு. கடையில் நிற்கும் ஒருவருக்கு முன்னால் மூவாயிரம் ரூபாய் மிக்சியும் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிக்சியும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பளபளக்கின்றன, இரண்டிலும் 750 வாட் என்று எழுதியிருக்கிறது. முதலாவது நான்கு ஆண்டும் இரண்டாவது பன்னிரண்டு ஆண்டும் உழைக்கும் என்றால், ஆண்டுக் கணக்கில் முதலாவதன் செலவு 750 ரூபாய், இரண்டாவதன் செலவு 375 ரூபாய். சிக்கனமானவர் எதை எடுப்பார் என்பதில் ஐயமில்லை. அந்தக் கணக்கைப் போடுவதற்கான எண் மட்டும் அவரிடம் இல்லை. தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படி விலை கொடுப்பார்? 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்ட பிறகு, முன்பு மின்செலவைப் பற்றிக் கேட்காதவர்கள்கூட ‘எத்தனை ஸ்டார்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். சொன்னால் மக்கள் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் குறியீடு மின்சாரத்தை மட்டுமே அளக்கிறது. மூன்றாம் ஆண்டில் குப்பைக்குப் போகும் ஐந்து நட்சத்திர ஃபேனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அந்தக் குப்பையின் அளவையும் குறிப்பிட வேண்டும். 2024-இல் வெளியான உலக மின்கழிவு அறிக்கையின்படி 2022-இல் உலகம் கழித்த மின்கழிவு 6.2 கோடி டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது அதில் 22.3 சதவீதம். மின்விசிறி, சமையலறைக் கருவிகள் போன்ற சிறு சாதனங்கள் மட்டும் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நம் நாட்டின் மின்கழிவு விதிகள் உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சி இலக்குகளை வைத்திருக்கின்றன. ஆனால் மறுசுழற்சி என்பது உருக்கிய தாமிரத்தைத் திரும்பத் தருமே தவிர, அந்த மோட்டாரைச் செய்யச் செலவிட்ட உழைப்பையும் மின்சாரத்தையும் திரும்பத் தராது.

நீடித்து உழைக்கும் பொருள் செய்தால் விற்பனை விழுந்துவிடும் என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அதற்கு நேரடிச் சான்றே உண்டு. கிழக்கு ஜெர்மனியில் 1980 முதல் 1990 வரை ‘சூப்பர்ஃபெஸ்ட்’ என்ற பெயரில் குடிநீர்க் கோப்பைகள் செய்தார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் சோடியம் அயனிகளின் இடத்தில் பொட்டாசியம் அயனிகளைப் புகுத்தி வலுவூட்டும் வேதிமுறையால், சாதாரணக் கோப்பையைவிடப் பல மடங்கு நாள் உடையாமல் இருந்தன. பத்துக் கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. மேற்கு நாடுகளில் விற்க முயன்றபோது வணிகர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள், ஏனென்றால் கோப்பை உடைவதில்தான் அவர்கள் பிழைப்பு இருந்தது. ஜெர்மனி இணைந்த காலத்தில் ஆலையின் அந்தத் தயாரிப்பு நின்றுபோனது. இன்று நம் கைபேசித் திரைகளை வலுப்படுத்துவது அதே வேதியியல்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், உறுதியான பொருளுக்குச் சந்தை இல்லை என்பதன்று. விற்பவருக்கு அந்த உறுதியில் பங்கு இல்லாவிட்டால் அவர் அதை விற்கமாட்டார் என்பதே. அந்தப் பங்கை நீங்கள் உருவாக்கித்தர முடியும். உதிரிபாக விற்பனையிலும் ஆண்டுப் பராமரிப்பிலும் டீலருக்கு நியாயமான வருமானம் வைத்தால், பழையதைக் கழிக்கச் சொல்வதைவிடச் சரிசெய்யச் சொல்வதே அவருக்கு லாபமாகும். திரும்ப எடுத்துப் புதுப்பித்த இயந்திரத்தை உத்தரவாதத்தோடு குறைந்த விலையில் விற்றால், இன்று மலிவான புதியதை வாங்குபவர் நல்ல பழையதை வாங்குவார். டெஃபால், மூலினெக்ஸ் பெயர்களில் சிறு சமையலறைக் கருவிகள் செய்யும் பிரான்சின் செப் குழுமம், தன் பொருட்களை முதலில் பத்து ஆண்டுகளுக்கும் பின்னர் பதினைந்து ஆண்டுகளுக்கும் பழுதுபார்க்க முடியும் என்று உறுதியளித்து, அதையே தன் விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டது. உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் நிற்கும் தொழில் அது. மிக்சி போன்ற விலை குறைந்த பொருளுக்கு இது சாத்தியமில்லை என்ற வாதத்துக்கு அதுவே விடை.

வெளிநாட்டுக்குப் போகாமலே இன்னொரு விடையும் இருக்கிறது: கோவையின் சொந்த பம்புத் தொழில். கிணற்றிலும் போர்வெல்லிலும் இறக்கிய மோட்டார் நின்றால் பயிர் காயும் என்பதால் விவசாயி மலிவை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. எந்த ஊரில் காயில் கட்டலாம், புஷ்ஷும் த்ரஸ்ட் பேரிங்கும் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துத்தான் வாங்குகிறார். ஆகவே நீர்மூழ்கி மோட்டார்கள் பிரித்துக் கட்டும்படியே செய்யப்படுகின்றன, ஒவ்வொரு சிற்றூரிலும் அதை நம்பி ஒரு பட்டறையும் சில குடும்பங்களும் வாழ்கின்றன. ஒரே ஊரில், ஒரே லேத்துப் பட்டறைகளில் வேலை செய்து வாங்கும் இரண்டு தொழில்களில், ஒன்றில் பழுதுபார்ப்பது இயல்பாகவும் மற்றொன்றில் வீணாகவும் ஆனதற்கு, வாங்குபவர் கேட்டதும் கேட்காததும்தான் வேறுபாடு.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. பிரான்ஸ் 2015-இல் திட்டமிட்ட காலாவதியைக் குற்றமாக்கியது. 2021 முதல் கைபேசி, மடிக்கணினி, சலவை இயந்திரம் முதலியவற்றில் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை ஒட்டச் செய்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் வீட்டு நுகர்பொருட்களும் இருந்தன. பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கான குழு 2025 மே மாதத்தில் தந்த அறிக்கை முதலில் கைபேசியையும் டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டாலும், அது பார்க்கும் அளவுகோல்கள், அதாவது பிரிப்பதற்கான எளிமை, உதிரிபாகம் கிடைத்தல், பழுதுபார்ப்புத் தகவல், கருவிகள், திருகாணி வகை ஆகியவை, மிக்சிக்கும் ஃபேனுக்கும் அப்படியே பொருந்தும். தில்லியில் யாரோ எழுதித்தரும் அளவுகோலுக்குப் பின்னால் ஓடுவதைவிட, அறுபது எழுபது ஆண்டு அனுபவமுள்ள நீங்கள் எழுதும் அளவுகோலை அவர்கள் எடுத்துக்கொள்ளச் செய்வதே உங்களுக்குப் பெருமை.

என் வேண்டுகோளில் நான் முதலிடம் தருவது பொது உதிரிபாகங்களுக்கு. கப்ளர், ஜார் புஷ், பிரஷ், கிரைண்டர் பெல்ட், பிஎல்டிசி போர்டின் இணைப்பான் ஆகியவற்றுக்குச் சில பொது அளவுகளை உங்கள் சங்கங்கள் வகுத்து வெளியிட வேண்டும். ஒருவர் பாகம் இன்னொருவர் இயந்திரத்துக்குப் பொருந்தினால் போட்டி குறையும் என்று அஞ்ச வேண்டாம். 6202 பேரிங் எல்லோர் ஃபேனிலும் இருக்கிறது, அதனால் எந்த ஃபேன் கம்பெனியும் அழியவில்லை. இதனால் சிறு பட்டறைகளுக்கே அதிக நன்மை, ஏனென்றால் பெரிய நிறுவனத்தின் அளவுக்குச் சொந்த உதிரிபாகக் கிடங்கு அவர்களால் வைக்க முடியாது. இதோடு, காயில் தாமிரமா அலுமினியமா என்பதை எல்லோரும் அச்சிட வேண்டும். ஒரு மாடலை நிறுத்தினாலும் அதன் பாகங்களைக் குறைந்தது பத்து ஆண்டுகள் தர வேண்டும். பிரிக்கும் முறையையும் சர்க்யூட் படத்தையும் தமிழிலேயே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். ஆயுளைச் சோதித்துச் சான்றளிக்கக் கோவையிலேயே சிட்டார்க் போன்ற சோதனைக்கூடங்கள் இருக்கின்றன.

கிரைண்டர் சங்கத்தாரிடம் தனியாக ஒன்று. புவிசார் குறியீட்டின் பெயரில் விற்கும் கிரைண்டருக்கு, கல்லின் பூர்விகத்தோடு நின்றுவிடாமல், ஆயுள் உத்தரவாதத்தையும் உதிரிபாக உத்தரவாதத்தையும் சேர்த்து ஒரு தரக்குறிப்பை நீங்கள் வகுக்கலாம். கோயம்புத்தூர் என்ற பெயரை வெளியூர்க் கலப்புப் பொருட்களிலிருந்து காப்பாற்ற அதைவிட வலுவான வேலி இருக்காது. உங்கள் கிரைண்டரைப் போலவே தோற்றமளிக்கும் ஒன்றை யாரும் செய்துவிடலாம், ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்குப் பாகம் தருவேன் என்று எழுதிக் கையொப்பமிட அவர்களால் இயலாது.

உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலரையும் காயில் கட்டுபவர்களையும் அழைத்து அருகில் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தப் பாகம் எந்த ஆண்டில் போகிறது, எது கிடைக்காமல் எதைக் கழிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பொது அளவுக்கு முதலில் மிக்சி கப்ளரையும் ஜார் புஷ்ஷையும் எடுத்துக்கொண்டால், அடுத்த தீபாவளி விற்பனைக்குள் அது கடைகளுக்கு வந்துவிடும்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் இயந்திரங்களை நம்பிச் சமைக்கும் கோவைக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து